அமெரிக்கக் கிராமங்களில் பள்ளி மாவட்டங்களை இணைத்ததில் மிச்சமானது என்ன?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் சிறு பள்ளி மாவட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வழக்கம் எப்படித் தொடங்கியது, அதனால் செலவு குறைந்ததா, பிள்ளைகளின் படிப்புக்கு நன்மை விளைந்ததா என்பது கேள்வி. மிகச் சிறிய மாவட்டங்களை இணைத்தபோது செலவு குறைந்தது, ஓரளவு பெரிதான பிறகு அந்த ஆதாயம் தேய்ந்துபோனது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சுருக்கமான விடைக்குள் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. இரண்டு பள்ளி மாவட்டங்களின் நிர்வாகத்தை ஒன்றாக்குவது ஒரு காரியம், ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவது வேறொரு காரியம். அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலாக முதலாவதைச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்தே செய்தார்கள். கணக்கில் தெரிந்த ஆதாயம் பெரும்பாலும் முதலாவதிலிருந்து வந்தது, ஊர்கள் பட்ட இழப்பு பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து வந்தது என்பதே என் கருத்து.

மாவட்டம் என்றதும் நமக்கு ஆட்சியர் அலுவலகமும் பல லட்சம் மக்களும் நினைவுக்கு வருவதால், அந்தச் சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அமெரிக்கப் பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி நடத்துவதற்கென்றே அமைந்த ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம் அதை நடத்தும். நிலத்துக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கான சொத்து வரி அந்த எல்லைக்குள்தான் வசூலாகும். கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடுவதும், ஆசிரியரை அமர்த்துவதும் அனுப்புவதும் வாரியத்தின் பொறுப்பு. ஒரே ஒரு பள்ளிக்கூடமும் இருபது முப்பது பிள்ளைகளும் மட்டுமே கொண்ட மாவட்டங்கள் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தன. இத்தனை அதிகாரம் இருந்தும், சட்டப்படி அது மாநில அரசு உண்டாக்கிய அமைப்புதான். மாநிலச் சட்டமன்றம் நினைத்தால் அதைக் கலைத்துவிட முடியும். பின்னால் நடந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் இந்த முரண்பாடுதான் வேர்.

நடுமேற்கு மாநிலங்களில் பள்ளிகள் இப்படிச் சிதறிக் கிடந்ததற்கு நில அளவை முறையும் ஒரு காரணம். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் மேற்கே இருந்த பொது நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் கொண்ட டவுன்ஷிப்களாகவும், ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் 640 ஏக்கர் வீதம் 36 கட்டங்களாகவும் பிரித்தது. அவற்றில் 16ஆம் கட்டம் பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்திலேயே பள்ளி எழும்ப வேண்டும் என்பதில்லை, அதை விற்றோ குத்தகைக்கு விட்டோ வரும் பணம் பள்ளிக்குப் போகும். பண்ணைவீட்டுப் பிள்ளை நடந்தே போய்வர வேண்டும் என்பதால் இரண்டு மூன்று மைலுக்கு ஒரு பள்ளி என்று கட்டிக்கொண்டு போனார்கள். 1917-18ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,96,000 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன.

அந்தப் பள்ளி ஒரே அறைதான். நடுவில் அல்லது ஓரத்தில் கணப்படுப்பு, முன்னால் ஒரு நீள விசிப்பலகை. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பாக அந்தப் பலகைக்கு அழைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் இடத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் திண்ணைப் பள்ளியையும் சட்டாம்பிள்ளையையும் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. ஆசிரியர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளம்பெண்ணாக இருப்பார், ஊரார் யாராவது ஒருவர் வீட்டில் தங்கிக்கொள்வார், திருமணமானால் வேலையை விட வேண்டியிருக்கும். இன்று ஏக்கத்தோடு நினைக்கப்படும் இந்தப் பள்ளிகளில் கழிப்பறை வசதி, நூல்கள், ஆசிரியரின் பயிற்சி எல்லாமே மோசமாக இருந்த இடங்கள் ஏராளம். வாரியத்தில் இருக்கும் விவசாயி தன் உறவுப்பெண்ணுக்கே வேலை கொடுப்பதும் நடந்தது. சீர்திருத்தக்காரர்களின் புகார்கள் வீண்புகார்கள் அல்ல.

அந்தச் சீர்திருத்தக்காரர்களில் முன்னின்றவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எல்வுட் கப்பர்லி. பயிற்சி பெற்ற நிபுணர் நடத்தும் நகரத்துப் பள்ளி நிர்வாகமே முன்மாதிரி, மூன்று விவசாயிகள் கூடி முடிவெடுக்கும் கிராம வாரியம் பழங்காலத்து மிச்சம் என்பது அவர் தரப்பு. ஏறத்தாழ அதே காலத்தில், 1908இல், குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் கிராம வாழ்க்கையை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார். தாவரவியல் அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி அதன் தலைவர். இளைஞர்கள் நிலத்தை விட்டு நகரத்துக்குப் போவதைத் தடுக்க நல்ல கிராமப் பள்ளி வேண்டும் என்ற கவலை அந்த ஆணையத்தின் அறிக்கையில் இருந்தது. கிராமத்தைக் காப்பாற்றச் சொன்ன மருந்து, பல இடங்களில் கிராமத்தின் நடுவிலிருந்து பள்ளியை எடுத்துவிட்டதை இன்று திரும்பிப் பார்க்கும்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

எண்ணம் இருந்தாலும் வண்டி வேண்டுமே. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லப் பொதுப்பணத்தைச் செலவிடலாம் என்று 1869இல் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் மாசசூசெட்ஸ். முதலில் குதிரை வண்டிகள், பிறகு லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய மரக்கூடுகள் என்று ஊருக்கு ஊர் வேறுபட்டன. 1939இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஃபிராங்க் சைர், மாநிலங்களின் போக்குவரத்து அதிகாரிகளையும் பேருந்து தயாரிப்பாளர்களையும் நியூயார்க்கில் கூட்டி, பள்ளிப் பேருந்துக்கான பொது அளவுகோல்களை வகுத்தார். சுவரில் தொங்கிய பல மஞ்சள் நிறப் பட்டைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். விடியும் முன்னரும் அந்தி மங்கும்போதும் அந்த நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். நிறத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்திலேயே பிள்ளை எத்தனை மணிக்குச் சாலையோரம் நிற்க வேண்டியிருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

சாலையும் பேருந்தும் வந்ததும் எண்ணிக்கை சரிந்த வேகம் மலைக்க வைப்பது. 1931-32இல் நாட்டில் 1,27,531 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. 1949-50இல் அது 83,718 ஆனது, 1959-60இல் 40,520 ஆனது, 1970-71இல் 17,995க்கு வந்து நின்றது. இன்று சுமார் 13,000 தான். வாரியத்துக்கு மூன்று பேர் என்று மிகக் குறைவாக வைத்துக்கொண்டாலும், 1930களில் ஏறத்தாழ 3,80,000 சாதாரண மனிதர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியின் வரவு செலவைத் தாங்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க உள்ளாட்சியின் வரலாற்றில் இவ்வளவு பெரிய அதிகார மாற்றம், இவ்வளவு குறைந்த ஆரவாரத்தோடு, வேறெதிலும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இது ஒரே காரணத்தால் நடந்ததும் அல்ல. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் சொத்து வரி வசூல் வற்றியது. மேற்கு வர்ஜீனியா 1933இல் ஒரே சட்டத்தால் 398 பள்ளி மாவட்டங்களைக் கவுண்டி எனப்படும் மாநில உட்பிரிவுக்கு ஒன்றாக 55 ஆக்கியது அந்த நெருக்கடியில்தான். இரண்டாம் உலகப் போரில் ஆசிரியர்கள் போர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். டிராக்டர் வந்ததும் பண்ணைகள் பெருத்துக் குடும்பங்கள் குறைந்தன. எல்லாவற்றையும்விட, எட்டாம் வகுப்போடு நிற்காமல் உயர்நிலைப் பள்ளி முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பொதுவானதும், பன்னிரண்டு வகுப்புகளையும் தாங்க முடியாத மாவட்டங்கள் தாமாகவே தளர்ந்தன.

1957இல் சோவியத் ஒன்றியத்தின் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த பிறகு இதற்கு நாட்டுப் பாதுகாப்பு என்ற சாயமும் ஏறியது. ஹார்வர்டின் முன்னாள் தலைவரும் வேதியியல் அறிஞருமான ஜேம்ஸ் பிரையண்ட் கோனண்ட், இறுதி வகுப்பில் குறைந்தது நூறு மாணவர்களாவது இல்லாத உயர்நிலைப் பள்ளி இயற்பியலும் உயர்கணிதமும் அயல்மொழியும் ஒழுங்காகக் கற்பிக்க முடியாது, ஆகவே சிறு உயர்நிலைப் பள்ளிகளை ஒழிப்பது முதல் வேலை என்று 1959இல் எழுதினார். அதே ஆண்டு இண்டியானா தன் மறுசீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு ஐந்தாண்டு முன்புதான், 1954இல், அதே மாநிலத்தின் மைலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி, மொத்தமே 161 மாணவர்களை வைத்துக்கொண்டு, மன்சி சென்ட்ரலை 32-30 என்று வீழ்த்தி மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றிருந்தது. கோனண்டின் அளவுகோலில் மைலன் தேறாது. கூடைப்பந்தும் இயற்பியலும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் இண்டியானாவின் சிற்றூர்க்காரர் எதை இழக்க அஞ்சினார் என்பதைப் புள்ளிவிவரத்தைவிட அந்தப் பந்தாட்டம் நன்றாக விளக்குகிறது.

தெற்கு மாநிலங்களின் கதையில் நிறம் சேர்ந்துகொள்கிறது. வெள்ளையர் பள்ளிகளை இணைத்துப் பேருந்து விட்ட கவுண்டிகள், கறுப்பினப் பிள்ளைகளை நடக்க விட்டன. தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள் ஓடின, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. லீவை பியர்சன் என்ற விவசாயி 1948இல் ஒரு பேருந்து கேட்டு வழக்குத் தொடுத்தார். அவர் வரி கட்டுவது வேறு பள்ளி மாவட்டத்தில் என்ற நுணுக்கத்தைக் காட்டி அது கைவிடப்பட்டது. மாவட்ட எல்லைக்கோடு இப்படியும் பயன்படும். அதன் தொடர்ச்சியாக எழுந்த பிரிக்ஸ் வழக்கு, 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய பிரவுன் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. தீர்ப்புக்குப் பிறகு இணைப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் வந்தது. பிரிந்திருந்த இரண்டு பள்ளிகள் ஒன்றாகும்போது பெரும்பாலும் பூட்டப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். 1954க்கும் 1965க்கும் இடையில் தெற்கிலும் அதை ஒட்டியும் உள்ள 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிள்ளைகள் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது நியாயமான தீர்ப்பு, அதற்கான விலையை யார் கொடுப்பது என்று தீர்மானித்தவர்கள் பழைய வாரியத்தார்.

இனி பணத்துக்கு வருவோம். இதில் நம்பத்தக்க ஆய்வு, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டன்கோம், யிங்கர் இருவரும் 1985 முதல் 1997 வரை நியூயார்க் மாநிலக் கிராமங்களில் நடந்த 12 இணைப்புகளைத் தொடர்ந்து பார்த்துச் செய்தது. முன்னூறு மாணவர் கொண்ட இரண்டு மாவட்டங்கள் சேரும்போது தலைக்கு ஆகும் நடைமுறைச் செலவு கணிசமாகக் குறைகிறது. 1,500 மாணவர் கொண்ட இரண்டு சேரும்போது குறைவது அதைவிடச் சிறிது. புதுக் கட்டடத்துக்கு ஆகும் மூலதனச் செலவையும் சேர்த்தால் ஆதாயத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு நெளிவு உண்டு. நியூயார்க் இணையும் மாவட்டங்களுக்கு நடைமுறை உதவித்தொகையை ஐந்தாண்டுகளுக்கு 40 விழுக்காடு வரை கூட்டிக்கொடுத்து, அடுத்த ஒன்பது ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கிறது, கட்டட உதவியையும் உயர்த்துகிறது. சேர்ந்தவுடன் புதுக் கட்டடம் எழும்புவதில் வியப்பில்லை.

ஏட்டுக்கணக்கு ஏன் நடைமுறையில் தவறுகிறது என்பதை ஒரு வரவுசெலவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் புரியும். மாவட்டத்துக்கு ஒருவராக இருக்கும் தலைமை நிர்வாகிகளான இரண்டு கண்காணிப்பாளர்களில் ஒருவரின் சம்பளம் உடனே மிச்சமாகும், அது உண்மை. ஆனால் மறுபுறம் இரண்டு மாவட்ட ஆசிரியர்களின் சம்பளப் படிநிலைகளும் ஒன்றாக வேண்டும். யாருடைய சம்பளத்தையும் குறைக்க முடியாது என்பதால் குறைந்த படிநிலை உயர்ந்ததை நோக்கி ஏறும். பேருந்தின் தூரம் கூடும், எரிபொருளும் ஓட்டுநர் நேரமும் கூடும். பழைய கட்டடக் கடன் யார் தலையில் விழுவது என்ற பேச்சு தொடங்கும். வரி குறைவாக இருந்த மாவட்டத்தில் வரி ஏறும். இதனால்தான் எல்லா எதிர்ப்பும் பள்ளிப்பாசத்தால் எழுந்ததென்று நான் நம்புவதில்லை. நல்ல நிலவளமும் குறைந்த பிள்ளைகளும் கொண்ட சில மாவட்டங்கள் தங்கள் குறைந்த வரியைக் காப்பாற்றிக்கொள்ளவே தனித்து நிற்க விரும்பின.

படிப்பைப் பொறுத்தவரை, கிறிஸ்டோபர் பெரி, மார்ட்டின் வெஸ்ட் இருவரின் ஆய்வு நான் மேலே சொன்ன வேறுபாட்டை உறுதிப்படுத்துகிறது. 1930க்கும் 1970க்கும் இடையில் சராசரிப் பள்ளியின் அன்றாட வருகை 87 மாணவர்களிலிருந்து 440 ஆக உயர்ந்தது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் பிற்காலத்தில் ஈட்டிய வருமானத்தை மாநிலவாரியாக ஒப்பிட்டபோது, மாவட்டம் பெரிதானதால் சிறு நன்மை தெரிந்தது. பள்ளி பெரிதானதால் அதைவிடப் பெரிய இழப்பு தெரிந்தது. அதாவது கணக்கெழுதும் அலுவலகம் பெரிதாவதில் கேடில்லை, பிள்ளை உட்காரும் கட்டடம் பெரிதாவதில்தான் சிக்கல்.

இதை மேற்கு வர்ஜீனியாவில் நேரிலேயே பார்க்கலாம். அங்கே மாவட்ட இணைப்பு 1933இலேயே முடிந்துவிட்டதால், மீதமிருந்தது பள்ளிகளை மூடுவது மட்டுமே. 1989இல் அமைந்த பள்ளிக் கட்டட ஆணையம், பெரிய பள்ளிகளுக்கே கட்டட நிதி எளிதில் கிடைக்கும்படி விதிகளை வகுத்தது. சார்ல்ஸ்டன் கெஸட் நாளிதழ் 2002இல் நடத்திய புலனாய்வின்படி, அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன, நூறு கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று, சொன்ன மிச்சம் வரவில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளை பேருந்தில் 30 நிமிடத்துக்கு மேலும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளை 45 நிமிடத்துக்கு மேலும், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை 60 நிமிடத்துக்கு மேலும் ஒருவழிப் பயணத்தில் இருக்கக் கூடாது என்று மாநிலத்தின் வழிகாட்டுதல் இருந்தும், மலைச்சாலைகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அது ஏட்டளவிலேயே நின்றது. பள்ளி முடிந்ததும் கிளம்பும் பேருந்தை விட்டால் வீடு திரும்ப வேறு வழியில்லாத பிள்ளை விளையாட்டிலும் இசைக்குழுவிலும் சேர்வது எப்படி? பெரிய பள்ளியில்தான் இவையெல்லாம் கிடைக்கும் என்று சொல்லித்தானே சிறிய பள்ளியை மூடினார்கள்.

ஊருக்கு நேர்ந்ததை அளப்பது கடினம், ஆனால் முயன்றிருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லைசன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 500 பேருக்கும் குறைவாக வாழும் நியூயார்க் சிற்றூர்களில் பள்ளி உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டார். பள்ளி உள்ள ஊர்களில் வீட்டு மதிப்பு கூடுதல், உள்ளூரிலேயே வேலை செய்வோரும் கூடுதல். பள்ளி இருப்பதால் ஊர் செழித்ததா, செழித்த ஊர் என்பதால் பள்ளி தங்கியதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனாலும் ஐந்நூறு பேர் வாழும் ஊரில் ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் இடமாக மிஞ்சியிருப்பது பல நேரம் பள்ளி ஒன்றுதான்.

அயோவாவில் இந்த இழப்பின் தடம் பள்ளிகளின் பெயரிலேயே தெரியும். கான்ராட் என்ற ஊரை மையமாகக் கொண்ட ஒரு மாவட்டத்தின் பெயர் பி.சி.எல்.யூ.டபிள்யூ. பீமன், கான்ராட், லிஸ்கம், யூனியன், விட்டன் என்ற ஐந்து ஊர்களின் முதலெழுத்துகள் அவை. நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்வது போல அங்கே பள்ளி தன் ஊர்களின் பெயரைச் சுமக்கிறது. ஓர் ஊரின் பெயரை மட்டும் வைத்தால் மற்றவை இணைய ஒப்பியிருக்காது. சிறுமையை வேறு விதமாகச் சமாளித்ததும் உண்டு. பதினொருவர் கிடைக்காத பள்ளிகளுக்காக நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்லர் 1934இல் அறுவர் ஆடும் அமெரிக்கக் கால்பந்தை வகுத்தார். பிள்ளைகளை ஆட்டத்துக்கு ஏற்பச் சேர்க்காமல் ஆட்டத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றியது அது.

அண்மைக்காலத்தில் ஆர்கன்சாவில் நடந்ததுதான் என்னை மிகவும் உறுத்துவது. மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலுள்ள லேக் வியூ என்ற ஏழை மாவட்டம், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்தது, மாநிலத்தின் கல்வி நிதிப் பங்கீடு நியாயமற்றது என்று 1992இல் வழக்குத் தொடுத்தது. பத்தாண்டு கழித்து, 2002இல், மாநில உச்ச நீதிமன்றம் லேக் வியூ சொன்னது சரி என்று தீர்ப்பளித்தது. நிதியைக் கூட்ட வேண்டிய கட்டாயத்துக்கு ஆளான மாநிலம் கூடவே மாவட்டங்களைக் குறைக்கவும் முடிவு செய்தது. ஆளுநர் மைக் ஹக்கபி 1,500 மாணவருக்குக் குறைந்த மாவட்டங்களை இணைக்கச் சொன்னார். சட்டமன்றம் 350 என்ற வரம்போடு நின்றது. அது போதாதென்று அவர் கையெழுத்திட மறுத்தும், 2004இல் அது சட்டமானது. வரம்புக்குக் கீழே இருந்த லேக் வியூ அதே ஆண்டு பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. வழக்கில் வென்ற மாவட்டம், வென்றதன் விளைவாகவே, இல்லாமல் போயிற்று.

கட்டாயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முடியவில்லை. மெய்ன் 2007இல் 290 மாவட்டங்களை 80 ஆக்க வேண்டும், பொதுவாக ஒவ்வொன்றிலும் 2,500 மாணவராவது இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2009இல் அதை நீக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பு தோற்றாலும், 80 என்ற இலக்கு ஒருநாளும் எட்டப்படவில்லை. இணைந்த ஊர்களில் பல சில ஆண்டுகளிலேயே முறைப்படி வாக்களித்துப் பிரிந்துபோயின. வெர்மாண்ட் 2015இல், 900 மாணவர் என்ற இலக்கோடு, முதலில் வரிச்சலுகை காட்டியது. வராதவர்களை 2018இல் ஆணையிட்டு இணைத்தது. வழக்குகள் தோற்றன.

மெய்னில் பிரிந்துபோக முடிந்ததற்குக் காரணம், அந்த ஊர்களில் பல தங்கள் பள்ளிக் கட்டடங்களை மூடாமல் வைத்திருந்ததே. நிர்வாகத்தைத்தான் சேர்த்திருந்தார்கள், கட்டடம் நின்றுகொண்டிருந்தது, பிள்ளைகளும் அங்கேயே போய்வந்தார்கள். நெப்ராஸ்கா அப்படியல்ல. தொடக்கப் பள்ளியை மட்டும் நடத்திவந்த இருநூறுக்கும் மேற்பட்ட சிறு மாவட்டங்களைக் கலைக்க அதன் சட்டமன்றம் 2005இல் சட்டம் இயற்றியது. எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டி அதைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2006 நவம்பரில் நெப்ராஸ்கா வாக்காளர்கள் அந்தச் சட்டத்தை ரத்தும் செய்தார்கள். ஆனால் மாவட்டங்கள் அந்த ஜூன் மாதமே கலைக்கப்பட்டிருந்தன. வாக்கு எண்ணி முடித்தபோது அவற்றின் சொத்தும் வரிப்பணமும் பிள்ளைகளும் பக்கத்து மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன, திருப்பிக் கொடுப்பதற்கு எதிரே மாவட்டம் என்று ஒன்று இல்லை.